கடினமான ஆங்கிலச் சொற்கள்: மனப்பாடம் கைவிடும் இடத்தில் பிறப்பிடம் எப்படி உதவுகிறது?

புதுதில்லி: தெற்கு தில்லியில் மத்திய அரசு ஊழியர் குடியிருப்புகள் நிறைந்த பகுதி கிட்வாய் நகர். சுதந்திர இந்தியாவின் முதல் தகவல் தொடர்புத் துறை அமைச்சர் ரஃபி அகமது கிட்வாயின் பெயரைத் தாங்கியது. அங்கிருந்து ரிங் ரோட்டைக் கடந்தால் எய்ம்ஸ் மருத்துவமனை. அதன் எதிரே சஃப்தர்ஜங் மருத்துவமனை. அரவிந்தர் மார்க் வழியே சற்றுத் தெற்கே சென்றால் யூசுஃப் சராய். நடந்து செல்லும் தொலைவுக்குள் கிரேக்கம், லத்தீன், பாரசீகம், அரபு ஆகிய நான்கு மொழிகளின் சொற்கள் பெயர்ப் பலகைகளில் எதிர்ப்படுகின்றன. அவற்றுள் பெரும்பாலானவற்றை நாம் ‘ஆங்கிலம்’ என்றோ ‘இந்தி’ என்றோ பொதுவாக அழைத்துவிட்டுக் கடந்து போகிறோம்.

இந்தப் பகுதியில் தமிழர்களுக்கு இரண்டு வகைகளில் கடின ஆங்கிலத்தின் தேவை ஏற்படுகிறது. ஒன்று, மத்திய அரசுப் பணிக்கான தேர்வும் பணியில் சேர்ந்தபின் கையாள வேண்டிய கோப்புகளும். மற்றொன்று, சிகிச்சைக்காக ஊரிலிருந்து எய்ம்ஸுக்கு வரும் உறவினரின் மருத்துவச் சீட்டு. இரண்டிலும் ஒரு சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டால் இழப்பு உண்டு. முன்னதில் மதிப்பெண், பின்னதில் உடல்நலம்.

மத்தியப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் தேர்வுகளில் ஆங்கிலப் பகுதி தவிர்க்க முடியாதது. ஒருபொருட்சொல், எதிர்ச்சொல், பல சொல் தொடருக்கு ஒரு சொல், மரபுத்தொடர், எழுத்துப்பிழை கண்டறிதல் என வினாக்கள் அமைகின்றன. அந்த ஆணையத்தின் சில தேர்வுகளை 2023 முதல் தமிழ் உள்ளிட்ட 13 மாநில மொழிகளிலும் எழுதலாம் என்ற நிலை வந்தது. ஆயினும் ஆங்கில அறிவைச் சோதிக்கும் பகுதி ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. குடிமைப் பணி முதன்மைத் தேர்வில் 300 மதிப்பெண்ணுக்கான ஆங்கிலத் தாளில் 25 விழுக்காடு பெற்றாக வேண்டும். பெறாவிட்டால் மற்ற தாள்கள் மதிப்பிடப்படுவதில்லை.

இதற்குத் தேர்வர்கள் பெரும்பாலும் நாடுவது சொற்பட்டியல். ஒருபுறம் ஆங்கிலச் சொல், மறுபுறம் அதன் பொருள், நாளொன்றுக்கு இத்தனை எனக் கணக்கு. மாத இறுதியில் முதல் வாரத்துச் சொற்கள் நினைவில் இல்லை என்ற புகார் எழுகிறது. நினைவாற்றலைக் குறை சொல்வது சரியன்று. ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஆயிரம் ஒலிக்கூட்டங்களை மனம் தாங்குவது கடினம். அதே ஆயிரம் சொற்களும் எந்த ஊரிலிருந்து வந்தன எனப் பார்த்தால், அவை சில நூறு குடும்பங்களாகச் சுருங்கிவிடும். குடும்பத்தில் ஒருவரைத் தெரிந்துவிட்டால் மற்றவர்களை முகச்சாயலில் கண்டுகொள்ளலாம்.

எடுத்துக்காட்டாக ‘ஸ்கிரைப்’ என்னும் லத்தீன் வேரைக் கொள்ளலாம். எழுதுதல் என்பது அதன் பொருள். ‘டிஸ்கிரைப்’ விவரித்து எழுதுவது. ‘இன்ஸ்கிரைப்’ கல்லிலோ உலோகத்திலோ பொறிப்பது. ‘மேனுஸ்கிரிப்ட்’ கையால் எழுதியது. ‘பிரிஸ்கிரைப்’ என்றால் முன்கூட்டி எழுதி வைப்பது, அதாவது விதிப்பது. மருத்துவர் தரும் சீட்டும் அதுவே. ‘ப்ரோஸ்கிரைப்’ என்பதோ தடைசெய்வது. பண்டைய ரோமில் சட்டத்தின் பாதுகாப்பை இழந்தவர்களின் பெயர்களைப் பொது இடத்தில் எழுதி வைத்தனர். அந்த வழக்கத்திலிருந்து வந்த பொருள் இது. ஓர் உயிரெழுத்து மாறினால் ‘விதிக்கப்பட்டது’ என்பது ‘தடைசெய்யப்பட்டது’ ஆகிவிடுகிறது. ஓர் அலுவலகக் குறிப்பில் இப்பிழை நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை ஊகிக்கலாம்.

மூன்று அடுக்கு மொழி

ஆங்கிலத்தில் ஒரே பொருளுக்கு ஏன் இத்தனை சொற்கள் என்ற கேள்வி படிப்பவர்களுக்கு அடிக்கடி எழும். விடை வரலாற்றில் உள்ளது. 1066-ஆம் ஆண்டு பிரான்ஸின் நார்மண்டிப் படைகள் இங்கிலாந்தைக் கைப்பற்றின. அதன்பின் அரசவை, நீதிமன்றம், உயர்குடி விருந்து ஆகியவற்றின் மொழி பிரெஞ்சு ஆனது. வயலிலும் அடுக்களையிலும் பழைய ஆங்கிலம் நீடித்தது. தேவாலயமும் கல்வியும் லத்தீனைப் பேணின. தொழுவத்தில் நிற்கும் பசு ‘கவ்’, விருந்து மேசைக்கு வந்தால் ‘பீஃப்’. மேய்ச்சலில் ‘ஷீப்’, தட்டில் ‘மட்டன்’. வளர்த்தவர் பேசிய சொல் ஒன்று, உண்டவர் பேசிய சொல் வேறொன்று.

அதனால் ‘கேட்பது’ என்பதற்கு வீட்டுச் சொல்லாக ‘ஆஸ்க்’, முறையான சொல்லாகப் பிரெஞ்சு வழி வந்த ‘கொஸ்டியன்’, காவல் நிலையச் சொல்லாக லத்தீனிலிருந்து எடுத்த ‘இன்டராகேட்’ என மூன்று படிகள் அமைந்தன. சொற்பட்டியல் நூல்கள் இம்மூன்றையும் சமக்குறியிட்டு அச்சிடுகின்றன. மாணவர் ஆசிரியரிடம் ஐயம் கேட்டதை ‘இன்டராகேட்’ என்று எழுதினால் ஆசிரியர் கைதியாகிவிடுவார்.

தமிழருக்கு இது புதிய செய்தியன்று. தண்ணீர், நீர், ஜலம், தீர்த்தம் ஆகிய நான்கும் ஒரே பொருளைக் குறிக்கின்றன. ஆனாலும் குழாயில் வருவதைத் தீர்த்தம் என்று யாரும் சொல்வதில்லை. எந்தச் சொல் எங்கே பொருந்தும் என்ற இந்த உணர்வை நாம் பட்டியலிலிருந்து பெறவில்லை, வழக்கிலிருந்து பெற்றோம். ஆங்கிலச் சொல்லுக்கும் அதே உணர்வு தேவை. பொருளை எழுதிக்கொள்ளும் ஏட்டில் அந்தச் சொல் வந்த ஒரு முழு வாக்கியத்தையும் எழுதிக்கொள்வது அதற்கு எளிய வழி.

மருத்துவமனைப் பலகையில் கிரேக்கம்

கிட்வாய் நகருக்கு எதிரே உள்ள எய்ம்ஸ் 1956-இல் தொடங்கப்பட்டது. நாட்டின் எல்லா மாநிலங்களிலிருந்தும் நோயாளிகள் வருகின்றனர். எந்தப் பெரிய மருத்துவமனையிலும் துறைப் பெயர்கள் அச்சுறுத்துவது போலத் தோன்றும். உண்மையில் அவை ஏறத்தாழ ஐம்பது கிரேக்க, லத்தீன் துண்டுகளை மாற்றி மாற்றிக் கோத்தவை. ‘கார்டியா’ இதயம், ‘நெஃப்ரோஸ்’ சிறுநீரகம், ‘ஹெபார்’ கல்லீரல், ‘டெர்மா’ தோல், ‘ஆஃப்தால்மோஸ்’ கண். ஈற்றில் ‘லஜி’ வந்தால் அதைப் பற்றிய துறை. ‘ஐடிஸ்’ வந்தால் அழற்சி. ‘எக்டமி’ வந்தால் வெட்டி அகற்றுதல். ஆகவே ‘ஹெபடைடிஸ்’ கல்லீரல் அழற்சி, ‘நெஃப்ரெக்டமி’ சிறுநீரகத்தை அகற்றும் அறுவை சிகிச்சை. இதுவரை கேள்விப்படாத சொல்லையும் இந்த முறையில் ஓரளவு பிரித்துப் பார்த்துவிடலாம்.

இவற்றுள் இரண்டு முன்னொட்டுகளை எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். ‘ஹைப்பர்’ என்றால் மேலே, அளவுக்கு மிகுதி. ‘ஹைப்போ’ என்றால் கீழே, அளவுக்குக் குறைவு. காதில் விழும்போது வேறுபாடு மிகச் சிறியது. பொருளில் நேர் எதிர். ‘ஹைப்பர்டென்ஷன்’ உயர் ரத்த அழுத்தம், ‘ஹைப்போடென்ஷன்’ தாழ் ரத்த அழுத்தம். தைராய்டு சுரப்பு மிகுந்தால் ‘ஹைப்பர்தைராய்டிசம்’, குறைந்தால் ‘ஹைப்போதைராய்டிசம்’. ‘ஹைப்போகிளைசீமியா’ என்பதில் மூன்று கிரேக்கத் துண்டுகள் உள்ளன: குறைவு, இனிப்பு, ரத்தம். ரத்தத்தில் சர்க்கரை குறைந்த நிலை. நீரிழிவு நோயாளியின் சீட்டில் இச்சொல்லைக் கண்டு ‘சர்க்கரை கூடிவிட்டது’ என்று எண்ணுபவர் செய்யக்கூடிய முதல் காரியம் இனிப்பை நிறுத்துவது. அந்த நேரத்தில் நோயாளிக்குத் தேவைப்படுவதோ இனிப்பு. சொல்லைப் பிரிக்கத் தெரிந்தாலும் மருத்துவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்வதே முறை. ஆனால் என்ன கேட்க வேண்டும் என்பதாவது தெரிந்திருக்கும்.

கோப்பிலும் தீர்ப்பிலும் லத்தீன்

அரசமைப்புச் சட்டத்தின் 32-ஆவது பிரிவு, அடிப்படை உரிமைகளைக் காக்க உச்ச நீதிமன்றம் பிறப்பிக்கும் ஐந்து பேராணைகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அவற்றில் நான்கு லத்தீனாகவே உள்ளன. ‘ஹேபியஸ் கார்பஸ்’ என்பதன் நேர்ப்பொருள் ‘உடலை நீ வைத்திருப்பாயாக’; அதாவது பிடித்து வைத்திருப்பவரை நேரில் கொண்டுவந்து நிறுத்து. தமிழில் ‘ஆட்கொணர்வு’ என ஆக்கியவர் அந்தப் பொருளை ஒரே சொல்லில் அடக்கிவிட்டார். மூலத்தைவிடத் தெளிவான மொழிபெயர்ப்பு என்றே சொல்லலாம். ‘மாண்டமஸ்’ என்றால் ‘ஆணையிடுகிறோம்’. ‘குவோ வாரண்டோ’ என்றால் ‘எந்த அதிகாரத்தின்பேரில்’. தகுதியின்றிப் பொதுப் பதவியில் இருப்பதாகக் கூறப்படுபவரை நோக்கி எழுப்பப்படும் கேள்வி அது.

செய்திகளில் அடிக்கடி வரும் மற்றொரு தொடர் ‘எக்ஸ் கிரேஷியா’. விபத்துகளில் உயிரிழந்தோர் குடும்பத்துக்கு அரசு அறிவிக்கும் தொகையை இவ்வாறு குறிப்பிடுவர். நேர்ப்பொருள் ‘கருணையின்பேரில்’. சட்டப்படி கடமை இல்லாவிட்டாலும், பொறுப்பை ஏற்காமலே தரும் தொகை என்பது இதன் உட்பொருள். ‘இழப்பீடு’ அவ்வாறன்று, அது சட்டப்படி உரிமையாகக் கோரக்கூடியது. தமிழ்ச் செய்திகளில் இரண்டும் சில நேரம் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. கருணைத் தொகையைப் பெற்றுக்கொண்ட குடும்பம், இழப்பீடு கோரும் உரிமையும் அத்துடன் முடிந்தது என்று தானாகவே கருதிவிடக் கூடாது. லத்தீன் தொடரின் பொருள் தெரிந்தால் இந்தக் கேள்வியாவது மனத்தில் எழும்.

‘ப்ரைமா ஃபேசி’ என்றால் முதல் பார்வையில். குற்றம் உறுதியானது என்று பொருளன்று. ‘அட் ஹாக்’ என்றால் ‘இதற்காக’. இந்த ஒரு தேவைக்காக மட்டும் அமைத்தது. தற்காலிகப் பணியில் சேரும் ஒருவர் தம் நியமன ஆணையில் இச்சொல் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

பன்மை வடிவங்களிலும் கவனம் தேவை. ‘கிரைடீரியா’ என்பது பன்மை, ஒருமை ‘கிரைடீரியன்’. ‘ஃபினாமினா’ பன்மை, ‘ஃபினாமினன்’ ஒருமை. பழைய மாணவர் ஒருவரை ‘அலம்னை’ என்பது பிழை, அவர் ‘அலம்னஸ்’. ஆங்கிலத்துக்குக் குடிவந்த கிரேக்க, லத்தீன் சொற்கள் பல தம் ஊர்ப் பன்மையைக் கூடவே கொண்டுவந்துவிட்டன. பிழை கண்டறியும் வினாக்களில் இவை தவறாமல் இடம்பெறுகின்றன.

பிரெஞ்சுச் சொற்களின் தொல்லை வேறு வகை. எழுத்தில் உள்ளது நாவில் வராது. தேசிய மாணவர் படையின் ஆங்கிலப் பெயரில் மூன்றாவது சொல்லின் சரியான ஒலி ‘கோர்’. ஈற்றில் எழுதப்படும் இரண்டு மெய்கள் ஒலிப்பதில்லை. பலர் அதைக் ‘கார்ப்ஸ்’ என்கின்றனர். அந்த ஒலிக்கு ஆங்கிலத்தில் பிணம் என்று பொருள். இரண்டு சொற்களும் உடலைக் குறிக்கும் ஒரே லத்தீன் சொல்லின் பிள்ளைகள். ‘ஹேபியஸ் கார்பஸ்’ தொடரிலும் அந்தச் சொல்லே இருக்கிறது.

தமிழருக்குக் கிடைத்த வாய்ப்பு

அயற்சொல் என்பது தமிழ் இலக்கணத்துக்கு அந்நியமானதன்று. சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் எனத் தொல்காப்பியம் நான்காகப் பகுத்தது. வெளியிலிருந்து வருவதற்கு அப்போதே ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. பின்னர் பாரசீக, அரபுச் சொற்கள் ஆட்சியின் வழியாகவும், போர்ச்சுகீசியச் சொற்கள் கடல் வாணிகத்தின் வழியாகவும் வந்தன. வக்கீல், ஜாமீன், ரசீது, அசல், நகல், ராஜினாமா ஆகியவை முன்னவை. சன்னல், சாவி, மேசை, ஏலம் ஆகியவை பின்னவை. துட்டு டச்சுக்காரர்களின் நாணயம்.

இதே வழிகளில்தான் ஆங்கிலமும் தனக்குச் சொற்களைச் சேர்த்தது. எனவே பல ‘கடின’ ஆங்கிலச் சொற்களின் உறவினர் நம் வீட்டிலேயே இருக்கின்றனர். அரசு அலுவலகக் கொள்முதல் பட்டியல்களில் வரும் ‘அல்மைரா’ நமது அலமாரிதான். இரண்டும் போர்ச்சுகீசியம் வழியாக வந்தவை. சேமிப்புக் கிடங்கைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்கு ‘மேகசீன்’ சென்றது. அதே வேரிலிருந்து தமிழுக்குக் கஜானா வந்தது. துப்பாக்கியில் தோட்டா வைக்கும் பகுதிக்கும், பலவகைக் கட்டுரைகள் சேர்ந்த இதழுக்கும் ஆங்கிலத்தில் ஏன் ஒரே பெயர் என்பது இப்போது விளங்கும். இரண்டும் கிடங்குகள்.

யூசுஃப் சராயில் உள்ள ‘சராய்’ வழிப்போக்கர் தங்கும் விடுதியைக் குறிக்கும் பாரசீகச் சொல். ஒட்டகக் கூட்டத்தைக் குறிக்கும் ‘காரவான்’ என்பதோடு சேர்ந்து ஆங்கிலத்தில் ‘காரவான்சராய்’ என்ற கடின சொல்லாக அகராதியில் இருக்கிறது. அந்தக் ‘காரவான்’ என்பதன் வாலை மட்டும் வெட்டி எடுத்ததுதான், பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் ‘வேன்’.

தமிழிலிருந்தே நேராகச் சென்றவையும் உண்டு. சுருட்டு ‘செரூட்’ ஆனது. மிளகுத் தண்ணீர் ‘மல்லிகடானி’ ஆகி ஆங்கிலேயர் மேசையில் சூப்பாக மாறியது. கட்டுமரம் 17-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆங்கிலப் பயண நூலில் இடம்பெற்றுவிட்டது. இன்று ‘கட்டமரான்’ என்றால் ஆங்கிலத்தில் இரட்டை உடல் கொண்ட படகு. நம் மீனவர் கட்டிய மரத்தோடு அதற்குப் பெயர் உறவு மட்டுமே மிச்சம். மாணிக்கமும் நீலமும் சேர்ந்த கனிம வகைக்கு அறிவியல் உலகம் முழுவதும் வழங்கும் ‘கொரண்டம்’ என்ற பெயர் நமது குருந்தம். 2016-இல் ‘ஐயோ’வும் 2017-இல் ‘அண்ணா’வும் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் சேர்ந்தன.

எல்லாப் பயணமும் பெருமைக்குரியதன்று. பறையர் என்ற சமூகப் பெயர் ஆங்கிலத்தில் ‘பரையா’ ஆகி, ஒதுக்கி வைக்கப்பட்டவர் என்ற இழிபொருளைப் பெற்றது. உலக நாடுகள் புறக்கணிக்கும் ஓர் அரசைப் பற்றி எழுதும்போது ஆங்கில ஊடகங்கள் இன்றும் அதைத் தயக்கமின்றிப் பயன்படுத்துகின்றன. சொற்பட்டியல் நூல்களும் ‘வெளியேற்றப்பட்டவர்’ என்ற ஒற்றைப் பொருளோடு அதைக் கற்பிக்கின்றன. தேர்வில் பொருள் தெரிந்திருக்கட்டும். எழுத்தில் அதைத் தவிர்க்க வேண்டும். அதற்கு மாற்றாக வேறு சொற்கள் ஆங்கிலத்தில் தாராளமாக உள்ளன.

ஒலி ஒற்றுமை உறவாகாது

பிறப்பிடம் தேடும் முறைக்கு ஒரு பெரிய ஆபத்து உண்டு. ஒலி ஒத்திருந்தால் உறவு என்று முடிவு கட்டுவது. ஆங்கிலச் சொற்கள் எல்லாம் தமிழிலிருந்து பிறந்தவை எனக் கூறும் பட்டியல்கள் கைப்பேசிகளில் ஓயாமல் சுற்றுகின்றன. ‘எய்ட்’ என்பது எட்டு என்பதிலிருந்து வந்தது என்பது அவற்றுள் புகழ்பெற்றது. எண்பது, எண்ணூறு ஆகியவற்றைப் பார்த்தால் எட்டின் அடி ‘எண்’ என்பது தெரியும். ஆங்கில ‘எய்ட்’ என்பதோ லத்தீன் ‘ஆக்டோ’, வடமொழி ‘அஷ்ட’ ஆகியவற்றின் உடன்பிறப்பு. இரண்டு வழிகளும் பின்னோக்கிப் போகப் போக விலகுகின்றன. அருகில் வந்தது தற்செயல்.

‘கேஷ்’ என்பதன் நிலை இன்னும் சுவையானது. ரொக்கத்தைக் குறிக்கும் ‘கேஷ்’, பணப்பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களிலிருந்து வந்தது. தென்னிந்தியச் சிறு நாணயத்தைக் குறித்த ‘கேஷ்’ என்ற இன்னொரு சொல்லும் ஆங்கிலத்தில் உண்டு. அது போர்ச்சுகீசியம் வழியாகச் சென்ற நமது காசு. கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்துக்காக 1808-ஆம் ஆண்டு பொறித்த இருபது காசு நாணயத்தில் அந்தப் பெயரைக் காணலாம். ஆக, பரவலாகச் சொல்லப்படுவது பாதி உண்மை. முழு உண்மை அதைவிட நன்றாக இருக்கிறது.

இஞ்சியைப் பொறுத்தவரை ஆதாரம் வலுவானது. ‘ஜிஞ்சர்’ என்ற சொல் பிரெஞ்சு, லத்தீன், கிரேக்கம் வழியாகப் பின்னோக்கிச் சென்று பாலியின் ‘சிங்கிவேர’ என்பதை அடைகிறது. அதற்கு அடிப்படை இஞ்சிவேர் என்னும் திராவிடச் சொல் என்பதை ஆய்வாளர்கள் பலர் ஏற்கின்றனர். ஒவ்வொரு படியிலும் எழுத்துச் சான்று இருப்பதே இதற்கும் ‘எட்டு’ கதைக்கும் உள்ள வேறுபாடு.

இத்தகைய சான்றுகளைத் தேடித் தொகுத்தவர்களுள் ஒருவர் சென்னை மாகாணத்தில் ஆட்சிப் பணியாற்றிய ஆர்தர் கோக் பர்னெல். தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். அவரும் ஹென்றி யூலும் தொகுத்த ‘ஹாப்சன் ஜாப்சன்’ அகராதி 1886-இல் வெளிவந்தது. பர்னெல் அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே காலமாகிவிட்டார். ஆங்கிலேயர் இந்தியாவில் பயன்படுத்திய சொற்களின் வரலாற்றை, அச்சொல் எந்த ஆண்டில் எந்த நூலில் வந்தது என்ற மேற்கோள்களோடு அது தருகிறது. பொழுதுபோக்காகப் படிக்கத்தக்க அகராதிகள் அரிது. இது அவற்றுள் ஒன்று.

கடின சொல்லைக் கற்பதும் அதை எழுதுவதும் வேறு வேறு. அன்றாட ஆங்கிலச் சொல் கிடைக்கும்போது அயல்மொழித் தொடரைப் பயன்படுத்த வேண்டாம் என்று எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1946-இல் எழுதிய கட்டுரையில் வலியுறுத்தினார். தேர்வுக் கட்டுரையில் லத்தீன் தொடர்களை அடுக்கினால் மதிப்பெண் கூடும் என்ற நம்பிக்கை நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. திருத்துபவருக்கு முதலில் புரிய வேண்டும் என்பதை அந்த நம்பிக்கை மறந்துவிடுகிறது.

நாளொன்றுக்கு முப்பது சொற்களுக்குப் பதிலாக ஒரு வேரும் அதன் ஐந்து பிள்ளைகளும் போதும். செய்தித்தாளிலோ கோப்பிலோ மருத்துவச் சீட்டிலோ அன்று எதிர்ப்பட்ட சொல்லாக இருந்தால் இன்னும் நன்று. ஆங்கிலச் சொல்லின் வரலாற்றுக்குப் பொருளோடு சொற்பிறப்பையும் தரும் அகராதியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கையடக்கப் பதிப்புகள் பல அதை விட்டுவிடுகின்றன. தமிழில் கலந்த அயற்சொற்களின் மூலத்தை அறியச் சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி உதவும். அதுவும் ‘ஹாப்சன் ஜாப்சன்’ அகராதியும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின் அகராதித் தளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.